எட்டடி அறை

"ஏழு ஆகாது."

"எட்டுல ஒண்ணு போனா ஏழுதான மாமா வரும். அதுக்கு அலமாரி என்ன பண்ணும்?"

"அதத்தான் நானும் சொல்றேன். ஏழடிக்குள்ள படுத்தா விளங்காது."

"சரி, ரெண்டடி அகலத்துக்குப் போட்டுக்கிருவோம். ஆறு வருது. ஆறு நல்லதுன்னு நீங்கதான சொன்னீக."

"ஆறு ரொம்ப நல்லதுத்தா. யாரு இல்லைன்னா?"

"கட்டில் ஆறே கால் அடி, டீச்சர்," என்றது மூன்றாவது குரல். "ஆறுல போட்டா ரெண்டு பேரும் காலை மடக்கிக்கிட்டுத்தான் படுக்கணும்."

அந்தக் குரல் தச்சர் இம்மானுவேலுடையது. அவர் கையில் அளவு டேப்பின் ஒரு முனை. மறுமுனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்து நின்றவர் செல்லப்பாண்டி. கூடலூரில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். மனையடிக் கணக்கில் ஒரு விரற்கடைகூட விட்டுக்கொடுக்காதவர். இருவருக்கும் நடுவில், டேப்பைத் தாண்டவும் முடியாமல் அதற்குக் கீழே குனியவும் மனமில்லாமல் நின்றவள் அவருடைய மருமகள் நதியா.

"கட்டிலைத் திருப்பிப் போட்டா?"

"கதவு திறக்காது."

"மூலையில மட்டும் சின்னதா ஒண்ணு..."

"மூலை வெட்டுப்படும்," என்றார் செல்லப்பாண்டி. "தரையில நின்னு சுவத்தைத் தொட்டா அதுவும் சுவருதான். அதுதான் கணக்கு. இந்த வீட்டை அளந்து கட்டுனவன் நானு."

டேப் சரசரவென்று சுருண்டு டப்பாவுக்குள் போனது. பேச்சும் அதோடு போனது.

அவர் வீரபாண்டியில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. பட்டுச் சட்டையின் கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்கினார். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "போறவன் போகட்டும். நான் யாரையும் பிடிச்சு வைக்கல."

அது மருமகளுக்குச் சொன்னதல்ல. அந்த நேரத்தில் மலைக்கு மேலே, ஏலக்காய் எஸ்டேட்டில் கூலியாட்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த மகனுக்குச் சொன்னது.

அப்பனும் மகனும் பேசி ஒரு வாரம் ஆகிவிட்டது. போன சனிக்கிழமை விடிகாலையில், குமுளி ஜீப்பைப் பிடிக்கும் அவசரத்தில், சூரியபிரகாஷ் செல்ஃபின் அடியில் இருந்த ஸ்வெட்டரை இழுத்தான். மேலே இருந்த அத்தனையும் சரிந்தது. சேலைகள், பேண்டுகள், பாவாடைகள், மழைக்கோட்டு, யாரோ எப்போதோ வைத்துக் கொடுத்த உடுத்தாத வேட்டிகள். அவன் அதற்குள்ளிருந்து எழுந்து வருவதற்குள் ஜீப் போய்விட்டது. அன்று மாலையே கம்பத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தான். அறைக்கு அறை கதவு வைத்த அலமாரி உள்ள வீடு.

"இன்னைக்குச் சாயந்தரம் எஸ்டேட்டுல இருந்து இறங்குனதும் நேரா கம்பம் போயி சாவி வாங்கிருவேன்," என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் போனான். "நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள இந்த ரூம்ல துணி வைக்க ஒரு இடம் காட்டு நதியா. சாவியத் திருப்பிக் குடுத்துட்டு நான் வாயைத் திறக்காம இங்கனயே இருந்துக்கிறேன்."

வெறும் கோபத்தில் சொன்னதல்ல அது. அவன் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அதனால்தான் அவளால் அதை உதறிவிட முடியவில்லை.

நதியாவுக்குப் போக விருப்பமில்லை. அவள் ஆண்டிபட்டிக்காரி. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண்ணும் வானமும் மட்டுமே பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி இந்த மாடியறைக்கு வந்த முதல் நாள் ஜன்னலைத் திறந்தபோது, கீழே திராட்சைப் பந்தல் ஒரு பச்சைப் பாய் மாதிரி மலையடிவாரம் வரை விரிந்து கிடந்தது. அதற்கு அப்பால் லோயர் கேம்ப் மலையில் மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ராட்சதக் குழாய்கள் இறங்கி வருவது தெரிந்தது. அன்றைக்கே இந்த ஜன்னலை அவள் தன்னுடையதாக எடுத்துக்கொண்டாள். துணியிடம் தோற்றுப்போய் அதை விட்டுவிட்டுப் போவதா?

ஆனால் மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டுதான் இருந்தாள்.

அறையில் இருந்தது ஒரே ஒரு சிமெண்ட் செல்ஃப். அதற்கு ஒரு திரைச்சீலை. சீராக வந்த அவளுடைய இரும்பு பீரோ மாடிப்படி திருப்பத்தில் சிக்கிக்கொண்டு, அன்றே கீழே இறங்கி, கூடத்தில் எல்லோருக்கும் பொதுவானது. இப்போது அதற்குள் மருந்தடிக்கும் மெஷினின் உதிரி பாகங்கள்கூட இருக்கின்றன.

சூரியபிரகாஷ் மேலே மலையில் குளிருக்கும் மழைக்கும் உடுத்துகிறான். அவள் கீழே கம்பத்துப் பள்ளிக்கூடத்தில் வெயிலுக்கு உடுத்துகிறாள். இரண்டு வேறு தேசத்து மனிதர்கள் ஒரு செல்ஃபைப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை அவள் மடித்து அடுக்கும் எல்லையை, புதன்கிழமைக்குள் ஒரு தேசம் இன்னொன்றின்மேல் படையெடுத்து அழித்துவிடும்.

கட்டிலுக்கு அடியில் பெட்டி வைத்துப் பார்த்தாள். கட்டில் உயர்ந்ததே தவிரத் துணி குறையவில்லை. செல்போனில் பார்த்து எல்லாவற்றையும் உருளையாகச் சுருட்டி நிறுத்திப் பார்த்தாள். "என்னத்தா இது, பீடிக் கட்டு மாதிரி," என்றார் மாமனார். அந்த வார்த்தைக்குப் பிறகு அவளால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணி அடித்தாள். கதவு பாதிதான் திறந்தது.

இம்மானுவேல் தன் பையைத் தூக்கிக்கொண்டார். "வாரேன் டீச்சர். அண்ணே சொன்னா சொன்னதுதான்."

அவள் ஜன்னலோரம் போய் நின்றாள்.

கவாத்து முடிந்த தோட்டம். போன வாரம்தான் கொடியையெல்லாம் வெட்டியிருந்தார்கள். பச்சைப் பாயைச் சுருட்டி எடுத்த பிறகு மிஞ்சியது கல்தூண்களும் அவற்றின் தலைக்கு மேல் இழுத்துக் கட்டிய கம்பிகளும் மட்டும்தான். கம்பிப் பந்தலுக்குக் கீழே யாரோ ஒருவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, எதிலும் இடிக்காமல், நிமிர்ந்து நடந்து போனார்.

நதியா அந்த ஆள் தோட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தோட்டத்தில் எத்தனை டன் பழம் தொங்கியிருக்கும். அதில் ஒரு குலைகூடத் தரையைத் தொட்டதில்லை.

அவள் மெல்லத் திரும்பி அறையின் மேல்பாதியைப் பார்த்தாள். ஃபேனுக்கு அந்தப் பக்கம், கட்டிலுக்கு மேலே, மூன்று வருஷமாக ஒன்றுமே இல்லாத காலி இடம்.

"அண்ணே," என்று படியில் ஓடினாள். "இம்மானுவேலண்ணே, போயிறாதீக. ட்ரில்லிங் மெஷின் இருக்கா?"

"இருக்கு. ஆனா உங்க மாமா..."

"மாமா அலமாரிதான் வேணாம்னாக. சுவத்துல ஓட்டை போட வேணாம்னு சொல்லலியே."

இம்மானுவேல் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அப்படிச் சொல்லலதான்," என்றார்.

சமையலறையிலிருந்து சந்தனம்மாள் எட்டிப் பார்த்தாள். நதியாவின் மாமியார். அதிகம் பேசாதவள், பேசினால் நின்று கேட்க வேண்டியிருக்கும். "என்னத்தா ஓட்டம்?"

"அத்தை, கிழக்குப் பக்கம் பிரிச்ச பந்தலோட கம்பி எங்கன கெடக்கு?"

"மாடிப்படிக்கு அடியில சுருட்டிப் போட்டிருக்காக. எதுக்கு?"

"என் சேலைக்குப் பந்தல் போடப் போறேன்."

சந்தனம்மாள் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

மெஷின் அலறியது. எதிரெதிர்ச் சுவர்களில், ஆளுயரத்துக்கு மேலே, ஓட்டைகள் விழுந்தன. சிமெண்டுத் தூள் மூவர் தலையிலும் படிந்தது. இம்மானுவேல் கொக்கிகளை முறுக்கி இறக்கினார். சந்தனம்மாள் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

"அத்தை, நீங்க இறங்குங்க. நான் ஏறுறேன்."

"நீ கீழ பிடி. முப்பது வருசமா நான் ஏறாத ஏணியா?"

முதல் கம்பி நின்றது. அடுத்தடுத்துக் கம்பிகள் நின்றன. நதியா ஹேங்கர்களை எடுத்து, முதலில் தன் பட்டுச் சேலைகளை மாட்டினாள். பிறகு அவனுடைய கனத்த ஸ்வெட்டர்கள். பிறகு மழைக்கோட்டு.

கம்பி நடுவில் தொய்ந்தது. ஒவ்வொரு ஹேங்கராக வழுக்கிக்கொண்டு பள்ளத்தை நோக்கி வந்தது. கண்முன்னாலேயே அத்தனை துணியும் நடுவில் ஒரே கும்பலாகக் குவிந்து, மாம்பழக் கலர் சேலையின் முந்தானை கட்டிலைத் தொட்டது.

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"செல்ஃபுல சரிஞ்சது. இப்ப ஆகாசத்துல சரியுது," என்றாள் சந்தனம்மாள்.

"சிரிக்காதீக அத்தை."

"நான் எங்க சிரிச்சேன்? அவரு சிரிக்கிறாரு."

இம்மானுவேல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. "ரெண்டு மணி ஆச்சு டீச்சர். கழட்டிறவா?"

நதியா போனை எடுத்தாள். இந்நேரம் சூரியபிரகாஷ் எஸ்டேட்டில் மதியச் சாப்பாட்டை முடித்திருப்பான். போன் போட்டாள். மலையில் சிக்னல் இல்லை. யாரோ ஒரு பெண் மலையாளத்தில் பொறுமையாக எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் மறுபடி ஜன்னலுக்குப் போனாள். இந்த முறை தோட்டத்தைப் பார்த்தது வேறு மாதிரி. பழத்தை அல்ல, கம்பியை. நீளவாட்டில் ஓடும் கம்பிகள் எங்கேயும் தனியாக இல்லை. அவற்றின் குறுக்கே வேறு கம்பிகள். ஒன்றையொன்று தாண்டும் இடத்திலெல்லாம் ஒரு முடிச்சு. வானத்தைக் கட்டம் கட்டமாக அறுத்து வைத்த மாதிரி இருந்தது.

"குறுக்கே," என்றாள். "குறுக்கேயும் இழுக்கணும் அத்தை. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிரும். தொய்யாது. ஹேங்கரும் கட்டத்தைத் தாண்டி ஓட முடியாது."

சந்தனம்மாள் இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினாள். குறடு கையில் சுழன்றது. நதியா கம்பியை இழுத்து நீட்ட நீட்ட, அவள் ஒவ்வொரு சந்திப்பிலும் மெல்லிய கம்பியைச் சுற்றி முறுக்கிக்கொண்டே போனாள். கூடவே வாய் எதையோ முணுமுணுத்தது. வேலை நடக்கும்போது தோட்டத்தில் பெண்கள் பாடுவார்களே, அதுதான்.

நான்கு மணி வெயில் ஜன்னல் வழியாக உள்ளே சாய்ந்தபோது, கட்டிலுக்கு மேலே ஒரு தோட்டம் தொங்கியது.

ஜன்னல் பக்கக் கட்டங்களில் பள்ளிக்கூடத்துச் சேலைகள், வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறம் வரை. நடுவில் அவனுடைய சட்டைகள். சுவரோரம் மலைக்குப் போகும் துணிகள்: ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஏலக்காய் வாசம் போகவே போகாத பேண்டுகள். பட்டுகளுக்கு ஒரு மூலை. எடுப்பதற்கு ஆட்டுக்குக் குழை பறிக்கும் தொரட்டிக் கம்பு, துணிக்கடையில் உயரத்திலிருந்து எடுத்துக் காட்டுவார்களே அந்த மாதிரி. கீழே தரை முழுக்கக் காலி. திரைச்சீலையை விலக்கினால் சிமெண்ட் செல்ஃபில் அவளுடைய புத்தகங்களுக்குக்கூட இடம் வந்திருந்தது.

நதியா கட்டிலில் மல்லாந்து படுத்தாள். மேலே எல்லாம் காற்றில் மெதுவாக அசைந்தது. மூன்று வருஷத்தில் முதல் முறையாகத் தன்னிடம் இருக்கும் துணி அத்தனையையும் ஒரே பார்வையில் பார்த்தாள். அவள் நினைத்திருந்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது. நினைத்ததைவிட அழகாகவும்.

"உங்க மாமா வந்துட்டாக," என்றாள் சந்தனம்மாள்.

செல்லப்பாண்டி அறை வாசலிலேயே நின்றுவிட்டார். நெற்றியில் காதுகுத்து வீட்டுச் சந்தனம். கை தானாக இம்மானுவேலின் டேப்பை நோக்கி நீண்டது.

"அந்த முனையைப் பிடி, ஆத்தா."

நதியா பிடித்தாள். அவர் தரையோடு தரையாகக் குனிந்து அளந்தார். டேப்பைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இன்னொரு இடத்தில் அளந்தார்.

"எவ்வளவு மாமா?"

"எட்டு," என்றார் வேண்டாவெறுப்பாக.

"எட்டு நல்லதுதான?"

"நல்லதுதான்." அண்ணாந்து பார்த்தார். "ஆனா தலைக்கு மேல இப்படிக் கட்டித் தொங்கவிட்டுட்டு அதுக்கடியில படுக்கக் கூடாதுத்தா. உத்தரத்துக்கு அடியில படுக்கிற மாதிரி."

"நீங்க தினம் மத்தியானம் எங்கன மாமா தூங்குறீக?"

அவர் வாய் திறப்பதற்குள் சந்தனம்மாள் சொன்னாள்: "பந்தலுக்கு அடியிலதான். குறட்டை ரோடு வரைக்கும் கேக்கும்."

இம்மானுவேல் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்லப்பாண்டி செருப்பை உதறிவிட்டுக் கட்டிலில் ஏறினார். இரண்டு கைகளாலும் நடுக்கம்பியைப் பற்றினார். என்ன செய்யப் போகிறார் என்று புரிவதற்குள் கால்களைத் தூக்கிவிட்டார். முழு எடையும் கம்பியில். வேட்டி காற்றில் ஆடியது. சேலைகளெல்லாம் ஒருமுறை சிலிர்த்து அடங்கின.

பந்தல் நின்றது.

அவர் காலை ஊன்றி இறங்கினார். முடிச்சு ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார். "யாரு முறுக்குனது?"

"நான்தான்," என்றாள் சந்தனம்மாள்.

"கணக்கு யாரு?"

"நான்தான்," என்றாள் நதியா.

அவர் இன்னொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். பிறகு பட்டுச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பனியனோடு நின்றுகொண்டு சட்டையை உதறி, மருமகளிடம் நீட்டினார்.

"அந்த ஓரத்துல ஒரு கட்டம் காலியா இருக்குல்ல. இதை மாட்டிவிடு. கீழ பீரோவுல வச்சா கசங்குது."

நதியா தொரட்டியில் ஹேங்கரைத் தூக்கி மாட்டினாள். தோட்டத்தில் முதல் குலை வெட்டும் நாளில் வீடு முழுக்க ஒரு சந்தோஷம் பரவுமே, அது அந்த எட்டடிக்குள் நிரம்பியது. இம்மானுவேல் போனில் படம் எடுத்துக்கொண்டார். "நாலு வீட்டுல காட்டுனா எனக்கு அலமாரி வேலையே போயிரும் டீச்சர்," என்றார்.

சூரியபிரகாஷ் வந்தபோது ஆறு மணி. ஈரத் தலையோடு படியேறி வந்தவன், கதவருகே அப்பாவைப் பனியனோடு பார்த்துத் திகைத்தான். அப்புறம் மேலே பார்த்தான். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"என்னோட பச்சை ஸ்வெட்டர்," என்றான் கடைசியில். "இது காணாமப் போயி ஒரு வருசமாச்சு."

"காணாமப் போகல. அடியில கெடந்துச்சு," என்றாள் நதியா. தொரட்டியால் அதைச் சுண்டி இறக்கி, அவன் தோளில் போட்டாள். "இடம் காட்டச் சொன்னீகல்ல? பாத்துக்கங்க."

அவன் சிரித்தான். ஒரு வாரமாக அந்த வீடு கேட்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் கைவிட்டு, ஒரு புதுச் சாவியை எடுத்தான். சிவப்பு நூலில் கட்டியிருந்தது. கம்பத்து வீட்டுச் சாவி.



செல்லப்பாண்டி தொண்டையைச் செருமினார். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக மகனைப் பார்த்துப் பேசினார். "மழை விட்டுருச்சாப்பா?"

"விட்டுருச்சுப்பா."

"அப்பக் காப்பி குடிச்சிட்டு வண்டியை எடு. நானும் வாரேன். திருப்பிக் குடுத்துட்டு வந்துருவோம்."

அவ்வளவுதான். அதற்கு மேல் இருவரும் பேசிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. நதியா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மலையில் குழாய்களுக்கு மேலே மேகம் விலகிக்கொண்டிருந்தது. ஜெயித்துவிட்டாள்.

"அத்தை, உங்க சேலையையும் கொண்டாங்க," என்றாள் திரும்பி. "அந்த ரெண்டு கட்டம் உங்களுக்குத்தான். சமையக்கட்டுக் கொடியில எத்தனை நாளைக்குப் புகை குடிக்கும்?"

சந்தனம்மாள் கொண்டுவரப் போகவில்லை. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். கம்பி கிழித்த உள்ளங்கைகள் மடியில் விரிந்து கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டிருந்தது பந்தலை அல்ல.

"அந்த வீட்டு அலமாரிக்கு எத்தனை கதவுன்னு சொன்ன?" என்று மகனிடம் கேட்டாள்.

"மூணும்மா. ஏன்?"

"பூட்டு இருக்கா?"

"இருக்கு. எல்லாத்துக்கும் தனித்தனிப் பூட்டு."

"நான் சீரா கொண்டாந்த பெட்டியில முதல் வாரமே உங்க அப்பா விதையக் கொட்டி வச்சாரு. அதுக்கப்புறம் பெட்டின்னு ஒண்ணு எனக்கு இல்ல." குற்றம் சொல்லும் குரலில்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று யோசிப்பவள் மாதிரிதான் சொன்னாள்.

செல்லப்பாண்டி எதையோ சொல்ல வாயெடுத்தார்.

சந்தனம்மாள் எழுந்தாள். சேலையில் படிந்திருந்த சிமெண்டுத் தூளைத் தட்டினாள். மகனுக்கு முன்னால் வந்து நின்று, சிவந்த உள்ளங்கையை நீட்டினாள்.

"அந்தச் சாவியத் திருப்பிக் குடுக்க வேணாம்ப்பா. எங்கிட்டக் குடு. அங்கன கொஞ்ச நாளு நான் மட்டும் போயி இருந்துட்டு வாரேன்."